ஆறாவது சிலிண்டர்: சூப்பர்சார்ஜர் பூட்டிய ஒரு எஞ்சின் எப்படிப் போனது

வண்டி என்னிடம் வந்தபோது பெரிய சத்தம் எதுவும் இல்லை. பிஸ்டனைத் தாங்கும் ராடு உடைந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்த எஞ்சின் என்றால், எங்கே பார்க்க வேண்டும் என்று அதுவே காட்டிவிடும். இது ஒழுங்காக ஸ்டார்ட் ஆனது. ஐடிலில் லேசாக மிஸ் அடித்தது. ஆக்சிலேட்டரை அழுத்தி விட்டால் நீலப்புகை தள்ளியது. பானட்டைத் திறந்தால், ஆயில் டிப்ஸ்டிக் தன் குழாயிலிருந்து ஒரு விரல் அளவு மேலே எழும்பி நின்றது. யாரும் அதை இழுத்து வைக்கவில்லை. கீழே, ஆயில் இருக்கும் கிராங்க்கேஸ் அறையில் சேர்ந்த அழுத்தம் தள்ளியிருக்கிறது.

வண்டிக்காரர் எனக்குப் பல வருடப் பழக்கம். பெல்ட்டால் சுழன்று காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் சூப்பர்சார்ஜரை ஒரு கிட்டாக வாங்கிப் பூட்டியிருந்தார். அந்தக் கூடுதல் அழுத்தத்துக்குப் பெயர்தான் பூஸ்ட். அவர் சொன்ன முதல் வார்த்தை: "அண்ணே, பூஸ்ட்டை நான் ஒரு புள்ளிகூட ஏத்தலை. கிட்டோட வந்த புல்லிதான் இன்னமும் இருக்கு."

அவர் சொன்னது உண்மை. சூப்பர்சார்ஜரின் வேகத்தை முடிவு செய்யும் பெல்ட் சக்கரமான அந்தப் புல்லியை அளந்தேன், ஓடும்போது எஞ்சின் அளவுகளைப் பதியும் லாகரில் இருந்த அழுத்தத்தையும் பார்த்தேன். 0.5 பார், அதாவது ஏறத்தாழ 7 பி.எஸ்.ஐ.யை அந்த எஞ்சின் ஒரு நாளும் தாண்டவில்லை. "ஸ்டாக் எஞ்சின் தாங்கும்" என்று பரவலாகச் சொல்லப்படும் எல்லைக்குள் இருந்துகொண்டே அது போயிருக்கிறது. அதனால்தான் இந்த ஆய்வை முழுதாக எழுத நினைத்தேன்.

வண்டியின் பெயரையும் கிட்டின் பெயரையும் சொல்லப் போவதில்லை. இரண்டிலும் தயாரிப்புக் குறை இல்லை. எஞ்சின் 3.5 லிட்டர் வி6, போர்ட் இன்ஜெக்ஷன், வார்ப்பு பிஸ்டன், கம்ப்ரஷன் 11:1 (கலவையைப் பதினொன்றில் ஒரு பங்காக அமுக்கும் அளவு), சிலிண்டர் விட்டம் 95 மி.மீ.யை ஒட்டி, நிமிடத்துக்கு 7,500 சுற்று வரை போகும், கம்பெனிக் கணக்கில் 310 குதிரைத்திறன். டர்போ, சூப்பர்சார்ஜர் எதுவும் இல்லாமல் தானே காற்றை இழுத்து ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. 52,000 கிலோமீட்டரில் அதன் மேல் ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர் ஒன்று உட்கார்ந்தது. அதன் வயிற்றிலேயே, அழுத்தியதில் சூடான காற்றைத் தண்ணீரால் குளிர்விக்கும் இன்டர்கூலர். அதற்குத் தனியாக ஒரு சின்ன மின்பம்ப், வண்டியின் முகப்பில் ஒரு சின்ன ரேடியேட்டர், ஒரு தண்ணீர் டப்பா. உருளை மேல் ஓட்டிச் சக்தியை அளக்கும் ரோலர் டைனோவில் சக்கரத்தில் 262 குதிரைத்திறன் காட்டிய வண்டி, கிட் பூட்டி டியூன் செய்தபின் 368 காட்டியது. அப்படியே 11,000 கிலோமீட்டர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடியது.

எஞ்சின் போன நாள் வெயில் 36 டிகிரி. மூடிய பந்தயத் தடத்தில் மூன்றாவது ஓட்டம். நான்காவது சுற்றில் பிக்கப் குறைந்த மாதிரி தெரிந்தது என்றார். டயர் சூடாகி வழுக்குகிறது என்று நினைத்து இன்னும் இரண்டு சுற்று போயிருக்கிறார். ஆறாவது சுற்றின் முடிவில் பின்கண்ணாடியில் புகை. அந்த "பிக்கப் குறைந்தது" என்ற வார்த்தையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதுதான் முடிச்சை அவிழ்த்தது.

பிரிப்பதற்கு முன்

எஞ்சினைப் பிரித்துவிட்டால் பல தடயங்கள் கலைந்துவிடும். அதனால் முதலில் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தேன். ஐந்து பிளக்குகள் ஓரளவு சுத்தம். ஆறாவது பிளக் எண்ணெயில் நனைந்திருந்தது. துடைத்துவிட்டு லென்ஸில் பார்த்தால், வெள்ளைப் பீங்கானின் மேல் மிளகைப் பொடித்துத் தூவியது போலக் கருப்பும் வெள்ளியுமாகப் புள்ளிகள். வெள்ளிப் புள்ளி என்றால் அது அலுமினியம். பிஸ்டனின் தலையிலிருந்து பிய்ந்து வந்தது. கலவை முறைதவறித் தானாகப் பற்றிக்கொள்ளும் நாக்கிங்கின் கையெழுத்து இது. பிளக்கைக் கழற்றியவர் துடைத்துப் போட்டுவிட்டால் அந்தச் சாட்சி அதோடு போச்சு. தெரிந்த மெக்கானிக்கிடமாவது சொல்லி வையுங்கள்: பூஸ்ட் வண்டியின் பிளக்கைப் பார்க்காமல் துடைக்கக் கூடாது.

கம்ப்ரஷன் டெஸ்ட்டில் ஐந்து சிலிண்டர்கள் 186-க்கும் 192-க்கும் இடையில் காட்டின. ஆறாவது 85 பி.எஸ்.ஐ. அடுத்து லீக்-டவுன் சோதனை. சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்தி, எவ்வளவு கசிகிறது, எங்கே கசிகிறது என்று பார்ப்பது. ஆறாவதில் 65 சதவீதம் கசிவு. காதை வைத்துக் கேட்டால் ஆயில் ஊற்றும் வாயில் 'உஸ்' என்று வந்தது. சைலன்சரிலோ இன்டேக்கிலோ சத்தமில்லை, ரேடியேட்டரில் குமிழி இல்லை. ஆக வால்வு, ஹெட் கேஸ்கெட் இரண்டும் குற்றவாளி இல்லை. காற்று பிஸ்டனைத் தாண்டிக் கீழே போகிறது. டிப்ஸ்டிக்கை மேலே தள்ளியது அதுதான்.

பிரித்தபோது

ஆறாவது பிஸ்டனில் முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவிலுள்ள விளிம்பு உடைந்திருந்தது. ரிங் லேண்ட் என்பார்கள். ஆள்காட்டி விரல் நகம் அளவுக்கு ஒரு துண்டைக் காணோம். மேல் ரிங் மூன்று துண்டு. பிஸ்டன் தலையின் ஓரம், இன்டேக் வால்வுப் பக்கம், மணலடித்தது போலப் பொரிந்திருந்தது. கனெக்டிங் ராடை அளவுப் பலகையில் வைத்துப் பார்த்தேன், வளைவு இல்லை. அதன் பேரிங்கில் மட்டும் மேல் பாதி தேய்ந்து மினுமினுத்தது. கீழ் பாதி புதிது மாதிரி. மேலிருந்து சுத்தியலால் அடித்தால் பேரிங்கின் மேல் பாதிதான் அடி வாங்கும்.

இந்த இரண்டு அடையாளங்களும் நாக்கிங்கைத்தான் சொல்கின்றன. அதன் வேலை இதுதான்: ஸ்பார்க் அடித்ததும் தீ ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் பரவ வேண்டும். பரவி முடிவதற்குள், தீ இன்னும் எட்டாத மூலையிலிருக்கும் கலவை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் தானாகவே ஒரே நொடியில் பற்றிக்கொண்டால், அழுத்த அலை சிலிண்டருக்குள் முன்னும் பின்னும் மோதுகிறது. பிஸ்டன் மேல் இயல்பாக ஒட்டியிருக்கும் மெல்லிய குளிர்ந்த வாயுப் படலத்தை அந்த அலை கிழித்துவிடுகிறது. அப்புறம் நெருப்பின் சூடு நேராக அலுமினியத்தில் இறங்குகிறது.

ஆனால் மூன்றாவது அடையாளம் ஒன்றும் இருந்தது. உடைந்த மேல் ரிங்கின் இரண்டு முனைகளும் கண்ணாடி போலப் பளபளத்தன. ரிங் என்பது முழு வளையம் இல்லை, ஓரிடத்தில் வெட்டு இருக்கும். சூட்டில் நீளுவதற்கு இடம் வேண்டும் என்பதற்காக விட்ட இடைவெளி அது. முனைகள் பளபளக்கின்றன என்றால் இடைவெளி முழுதும் மூடி, இரும்பும் இரும்பும் முட்டிக்கொண்டிருக்கின்றன. நல்ல நிலையிலிருந்த சிலிண்டர்களில் இந்த இடைவெளியை அளந்தேன்: 0.35 மி.மீ. பூஸ்ட் இல்லாத 95 மி.மீ. சிலிண்டருக்கு அது சரியான அளவு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வளையத்தின் சுற்றளவு சுமார் 298 மி.மீ. இரும்பு ஒரு டிகிரிக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு நீளும். சிலிண்டர் சுவரைவிட ரிங் 100 டிகிரி கூடுதலாகச் சூடானால் 0.35 மி.மீ. நீண்டுவிடும். அதாவது இருந்த இடம் தீர்ந்தது. அதற்கு மேல் ஒரு டிகிரி ஏறினாலும் ரிங்குக்குப் போக வழியில்லை. சுவரோடு இறுகி, மேலே போகும் பிஸ்டனை இழுத்துப் பிடிக்கிறது. வார்ப்பு அலுமினியத்தில் அந்த மெல்லிய விளிம்புதான் முதலில் விடும். இரண்டு, நான்கு ஆகிய சிலிண்டர்களின் ரிங் முனைகளிலும் லேசான பளபளப்பு தெரிந்தது. அவையும் வரிசையில் நின்றிருந்தன.

ஆறாவது ஏன் முதலில் போனது? அது பின்பக்க ஓரத்தில் இருக்கிறது. எஞ்சின் கூலன்ட் அங்கே வந்து சேரும்போது ஏற்கெனவே சூடாகியிருக்கும், காற்றோட்டமும் குறைவு. ஆறு பேரில் ஒருவர் எப்போதும் மற்றவர்களைவிடச் சற்றுச் சூடாகத்தான் இருப்பார். எல்லை நெருங்கும்போது முதலில் தாண்டுபவர் அவர்.

பெட்ரோல் மேல் விழுந்த சந்தேகம்

பூஸ்ட் வண்டியில் பிஸ்டன் போனால் எல்லாரும் முதலில் சொல்வது 'லீன் ஓடிடுச்சு', பெட்ரோல் போதவில்லை என்பது. நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன். காரணமும் இருக்கிறது. மிஞ்சிய பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைன் இல்லாத பெட்ரோல் அமைப்பில் குழாயின் அழுத்தம் 4 பார் என்று நிலையாக நிற்கும். எதிரே, காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டில் 0.5 பார் பூஸ்ட் இருந்தால், இன்ஜெக்டரின் இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் 3.5 பார்தான். ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு போவதால், அதே நேரம் திறந்திருந்தாலும் 6 சதவீதத்துக்கு மேல் பெட்ரோல் குறைவாக இறங்கும். டியூன் செய்பவர் இதைக் கணக்கில் எடுக்கவில்லை என்றால் எஞ்சின் பாவம்.

இங்கே எடுத்திருந்தார். லாகர் பதிவில் காற்று-எரிபொருள் விகிதம் முழு ஆக்சிலேட்டரில் 11.6. பூஸ்ட் எஞ்சினுக்குத் தேவையான செழிப்பு அது. இன்ஜெக்டர்கள் உச்சத்தில் 78 சதவீத நேரம்தான் திறந்திருந்தன. ஆறையும் கழற்றி ஓட்டத்தை அளந்ததில் வித்தியாசம் 2 சதவீதத்துக்குள். டேங்கில் இருந்தது டியூன் செய்த நாளில் ஊற்றிய அதே ஆக்டேன் பெட்ரோல். ஒவ்வொன்றாகத் தட்டிக்கழித்த பிறகு கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. இரண்டு நாள் அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எல்லா எண்ணும் நன்றாக இருந்தன. உள்ளே போகும் காற்றின் சூடு என்ற வரியில், முதல் சுற்றிலிருந்து ஆறாவது சுற்று வரை 38-லிருந்து 41 டிகிரி. அவ்வளவு நன்றாக இருக்க முடியாதே என்று அப்போதுதான் உறைத்தது.

அழுத்தினால் சூடாகும்

சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குத் தெரியும், பம்பின் அடிப்பக்கம் சுடும். சூப்பர்சார்ஜரும் அதையேதான் செய்கிறது. 30 டிகிரியில் வரும் காற்றை 0.5 பார் அளவுக்கு அழுத்தினால், எந்த இழப்பும் இல்லாத கற்பனை இயந்திரத்திலேயே 37 டிகிரி ஏறும். ரூட்ஸ் வகையின் திறன் 60 சதவீதம் என்று வைத்தால் ஏற்றம் 62 டிகிரி. வெளியே வரும் காற்று 92 டிகிரி. அதே கணக்கைத் திருப்பிப் போட்டால், இந்த எஞ்சினில் சூப்பர்சார்ஜரைச் சுற்றவே பெல்ட் வழியாக 25 குதிரைத்திறனுக்கு மேல் போகிறது. அந்தச் சக்தியெல்லாம் காற்றில் வெப்பமாகத்தான் சேருகிறது.

அந்த 62 டிகிரி அப்படியே நிற்பதில்லை. 11:1 கம்ப்ரஷனில் சிலிண்டருக்குள் காற்று மறுபடி அழுத்தப்படும்போது உள்ளே நுழைந்த வெப்பநிலை, கெல்வின் கணக்கில், ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. ஆகவே வாசலில் 62 டிகிரி கூடுதல் என்பது, ஸ்பார்க் அடிக்கும் நேரத்தில் 125 டிகிரிக்கும் மேல் கூடுதல். நாக்கிங் வருமா வராதா என்பதை முடிவு செய்வது அந்த இடத்து வெப்பம்தான்.

"இந்த எஞ்சின் எத்தனை பி.எஸ்.ஐ. தாங்கும்?" என்று யாராவது கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். 7 பி.எஸ்.ஐ. 50 டிகிரியில் வந்தால் ஒரு எஞ்சின், 7 பி.எஸ்.ஐ. 100 டிகிரியில் வந்தால் வேறு எஞ்சின். அழுத்தமானியில் இரண்டும் ஒரே முள், ஒரே இடம்.

இன்டர்கூலர் வேலை செய்தால் 92 டிகிரி 50-க்கு இறங்கும். அப்போது காற்றின் அடர்த்தி, பூஸ்ட் இல்லாத நிலையைவிட 1.4 மடங்கு. டைனோவில் 262 என்பது 368 ஆனதும் அதே 1.4 மடங்குதான், கணக்கு அழகாகப் பொருந்துகிறது. இன்டர்கூலர் வேலை செய்யாவிட்டால் அழுத்தம் அப்படியே இருக்க, அடர்த்தி 1.24 மடங்குக்கு விழுந்துவிடும். கூடுதலாகக் கிடைத்த சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு காணாமல் போகும். "பிக்கப் குறைந்த மாதிரி இருந்தது" என்றாரே, அது டயர் இல்லை.

இன்டர்கூலர் பம்பைப் பார்த்தேன். ஃபியூஸ் நன்றாக இருந்தது, மோட்டார் சுற்றியது. டப்பாவைத் திறந்தால் தண்ணீர் அசையவில்லை. வண்டிக்காரரிடம் கேட்டேன்.

"ரெண்டு வாரம் முன்னாடி முன்ரேடியேட்டர்ல கல்லடிச்சு ஓட்டை விழுந்துச்சு அண்ணே. நானே புதுசு வாங்கி மாட்டினேன். தண்ணி ஃபுல்லா ஊத்திட்டேன்."

"குழாயில அடைச்ச ஏரை எடுத்தீங்களா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். கிட்டோடு வந்த தாளில் அதைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எஞ்சின் கூலன்டில் காற்று அடைத்தால் மீட்டரில் முள் ஏறும், எச்சரிக்கை விளக்கு எரியும். இந்தத் தண்ணீர் தனிச்சுற்று. அதற்கு முள்ளும் இல்லை, விளக்கும் இல்லை.

ஈசியூ பார்த்த உலகம்

சரி, இன்டர்கூலர் நின்றுவிட்டது. காற்று கொதிக்கிறது. அப்படியானால் எஞ்சினை ஆளும் கணினியான ஈசியூ டைமிங்கைக் குறைத்து, அதாவது ஸ்பார்க்கைத் தாமதமாக்கிக் காப்பாற்றியிருக்க வேண்டாமா? எல்லா நவீன எஞ்சினும் அதைச் செய்யுமே.

சூட்டை அளக்கும் சென்சார் இந்த வண்டியில் காற்றளவு சென்சாரோடு சேர்ந்தே இருக்கிறது. காற்றளவு சென்சார் இருப்பது ஏர் ஃபில்டரை ஒட்டி. பூஸ்ட் இல்லாத எஞ்சினில் அது பொருத்தமான இடம், ஃபில்டரைத் தாண்டிய காற்றும் சிலிண்டருக்குள் போகும் காற்றும் கிட்டத்தட்ட ஒன்றே. சூப்பர்சார்ஜரை நடுவில் நுழைத்ததும் அந்த இடம் அர்த்தமிழந்துவிட்டது. சென்சார் அளப்பது சூப்பர்சார்ஜருக்குள் போகிற காற்றை. எஞ்சின் சுவாசிப்பது அதிலிருந்து வெளியே வருகிற காற்றை. நடுவில் 60 டிகிரி வித்தியாசம் இருக்கலாம், ஈசியூவுக்கு அது தெரியவே தெரியாது. லாகரில் நான் பார்த்த 38-லிருந்து 41 டிகிரி பொய் இல்லை. தவறான இடத்தின் உண்மை.

இதைவிட மோசமான ஒன்று டைமிங் வரியில் இருந்தது. முதல் சுற்றில், 5,000 சுற்று வேகத்தில் முழு ஆக்சிலேட்டரில் 14 டிகிரி அட்வான்ஸ், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குக் கிராங்க் சுழற்சியில் 14 டிகிரி முன்பே ஸ்பார்க். ஆறாவது சுற்றில் அதே இடத்தில் 16. சூடு ஏற ஏற ஈசியூ டைமிங்கைக் கூட்டியிருக்கிறது. முதலில் நம்ப முடியவில்லை. பிறகு யோசித்தால் அதன் பார்வையில் அது நியாயம். ஈசியூ எஞ்சின் சுமையைக் காற்றின் எடையை வைத்து முடிவு செய்கிறது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது, எடை குறைவு. எடை குறைந்ததும் "சுமை இறங்கிவிட்டது, ஓட்டுபவர் மெதுவாகப் போகிறார்" என்று எடுத்துக்கொண்டு, குறைந்த சுமைக்கு உரிய அதிக அட்வான்ஸைக் கொடுத்திருக்கிறது. எடைக்கு ஏற்ப பெட்ரோலையும் சரியாகக் குறைத்திருக்கிறது. அதனால்தான் 11.6 அசையவில்லை. எரிபொருள் கணக்கு கடைசி நொடி வரை சுத்தமாக இருந்தபடியே பிஸ்டன் வெந்திருக்கிறது.

கடைசிக் காவலாளி நாக் சென்சார். 95 மி.மீ. சிலிண்டரில் நாக்கிங்கின் ஒலி 6 கிலோஹெர்ட்ஸை ஒட்டி வரும். அதைக் கேட்டதும் ஈசியூ டைமிங்கை இறக்கும். ஆனால் சூப்பர்சார்ஜரின் பற்சக்கரங்களும் சத்தம் போடும். அந்தச் சத்தத்தை நாக்கிங் என்று எண்ணி ஈசியூ தேவையில்லாமல் டைமிங்கை வெட்டியதால், டியூன் செய்தவர் சென்சாரின் கூர்மையைக் குறைத்து வைத்திருந்தார். தொலைபேசியில் கேட்டபோது மறைக்காமல் சொன்னார். பலரும் செய்வதுதான். டைனோவில், மின்விசிறி முன்னால் வைத்து, மூன்று நான்கு ஓட்டம் ஓட்டிப் பார்க்கும்போது அது தவறாகத் தெரியாது. 36 டிகிரி வெயிலில் ஆறு சுற்று தொடர்ந்து ஓடுவது வேறு விஷயம்.

கம்பெனிகளே சூப்பர்சார்ஜர் வைத்தால்

ஸ்டாக் எஞ்சினில் எவ்வளவு மிச்சத் தெம்பு இருக்கிறது என்று அறிய ஒரு நல்ல வழி, அதே எஞ்சினுக்குத் தயாரிப்பாளரே சூப்பர்சார்ஜர் வைத்தபோது என்னென்ன மாற்றினார் என்று பார்ப்பது. 2001 ஃபோர்டு மஸ்டாங் கோப்ராவில் 4.6 லிட்டர் எஞ்சின், அலுமினிய பிளாக், 9.85:1 கம்ப்ரஷன், 320 குதிரைத்திறன். 2003-ல் அதே 4.6 லிட்டருக்கு ஈட்டன் சூப்பர்சார்ஜர் வைத்து 390 என்று அறிவித்தார்கள். 70 குதிரைத்திறன் கூடுதலுக்கு அலுமினிய பிளாக்கை விட்டு வார்ப்பிரும்புக்குப் போனார்கள். பிஸ்டனும் ராடும் ஃபோர்ஜ் செய்தவை, அதாவது வார்க்காமல் அடித்து உருவாக்கிய கெட்டியானவை, கம்ப்ரஷன் 8.5:1.

செவ்ரலே கார்வெட்டில் எல்.எஸ்.3, எல்.எஸ்.9 இரண்டும் 6.2 லிட்டர். எல்.எஸ்.3-க்கு வார்ப்பு பிஸ்டன், 10.7:1. 2009 இசட்.ஆர்.1-ல் சூப்பர்சார்ஜரோடு வந்த எல்.எஸ்.9-க்கு ஃபோர்ஜ் பிஸ்டன், டைட்டானியம் ராடு, பிஸ்டனின் அடிவயிற்றில் ஆயிலைப் பீய்ச்சிக் குளிர்விக்கும் ஜெட், கம்ப்ரஷன் 9.1:1. ஜாகுவாரின் 4.0 லிட்டர் வி8-லும் இதே கதை, 10.75 என்பதை 9-க்கு இறக்கினார்கள். எல்லாரும் முதலில் தொட்டது கம்ப்ரஷனையும் பிஸ்டனையும்தான்.

நம் கையில் இருந்ததோ 11:1-ல் வார்ப்பு பிஸ்டன், 0.35 மி.மீ. ரிங் இடைவெளி, குளிர்விக்கும் ஜெட் இல்லை. இப்படிப்பட்ட எஞ்சின் 0.5 பாரில் ஓடவே ஓடாது என்று நான் சொல்ல மாட்டேன். 11,000 கிலோமீட்டர் ஓடியதே. பூஸ்ட் இல்லாதபோது கம்பெனி விட்டிருந்த மிச்சத்தையெல்லாம் பூஸ்ட் ஏற்கெனவே செலவழித்துவிட்டது, அவ்வளவுதான். முன்பு மோசமான பெட்ரோலும் வெயிலும் சேர்ந்து வந்தாலும் எஞ்சின் சமாளிக்கும். இப்போது எது தவறினாலும் ஈசியூ உடனே கண்டுகொண்டால்தான் பிழைப்பு. அதை அறியும் சென்சாரை இடம் மாற்றாமல் விட்டது, என் கணிப்பில், இந்த எஞ்சின் போனதற்கு முதல் காரணம். தண்ணீரில் காற்று அடைத்தது இரண்டாவது. முதலாவது சரியாக இருந்திருந்தால், இரண்டாவதால் அன்றைக்குப் பிக்கப் மட்டும் குறைந்திருக்கும்.

ராடு ஏன் தப்பித்தது என்று சிலர் கேட்டார்கள். உயர் சுற்றில் ஓடும் எஞ்சினில் ராடைப் பிய்க்கிற பெரிய சுமை எரிப்பிலிருந்து வருவதில்லை. எக்ஸாஸ்ட் ஓட்டத்தின் உச்சியில் பிஸ்டனைத் தடுத்து நிறுத்தித் திரும்பக் கீழே இழுக்க வேண்டுமே, அந்த இழுவிசைதான். சுற்று எல்லையை ஏற்றாதவரை அது பூஸ்ட்டால் கூடாது. பூஸ்ட் கூட்டுவது அமுக்கு விசையை, அதைத் தாங்குவதில் ராடு பொதுவாகக் கெட்டி. குறைந்த சுற்றில், பெரிய கியரில், முழு ஆக்சிலேட்டர் கொடுக்கும் பழக்கம் இருந்தால் மட்டும் ராடும் வளையும். ரூட்ஸ் வகை 2,500 சுற்றிலேயே முழு பூஸ்ட் தருவதால் அந்த ஆசை எளிதில் வரும்.

மறுபடி கட்டியது

சுவரில் கீறல் ஆழமில்லை, அடுத்த ஓவர்சைஸுக்கு போர் பண்ணினோம். ஆறு ஃபோர்ஜ் பிஸ்டன், தலையில் லேசான குழியோடு, கம்ப்ரஷன் 10:1. ஃபோர்ஜ் பிஸ்டன் சூட்டில் கூடுதலாக விரியும், அதனால் சுவரோடு இடைவெளி அதிகம் விட வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒரு நிமிடம் 'டக் டக்' என்று கேட்கும். அது நோயில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். மேல் ரிங் இடைவெளி 0.55 மி.மீ. ராடு பேரிங் எல்லாம் புதிது. பிளக் ஒரு படி குளிர்ந்தது, இடைவெளி 0.8 மி.மீ. அழுத்தம் கூடினால் ஸ்பார்க் தாண்டுவது கடினம் என்பதால் குறைத்தோம். கிராங்க்கேஸ் மூச்சுக்குழாயில் ஆயில் பிடிக்கும் டப்பா ஒன்று, ஏனென்றால் இன்டேக்கில் கலக்கும் ஆயில் ஆவி பெட்ரோலின் ஆக்டேனைக் கீழே இழுக்கும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியம் ஒரு சின்ன சென்சார். இன்டர்கூலருக்குப் பின்னால், ஆறாவது சிலிண்டரின் இன்டேக் குழாய்க்குப் பக்கத்தில் துளையிட்டு, சீக்கிரம் உணரும் வகைச் சென்சாரை வைத்து ஈசியூவுக்கு வயர் இழுத்தோம். 55 டிகிரியைத் தாண்டினால் ஒவ்வொரு 5 டிகிரிக்கும் டைமிங்கில் 1 டிகிரி இறங்கும். 80-ஐத் தாண்டினால் ஈசியூ திராட்டிலைப் பாதி மூடும், பூஸ்ட் தானாக விழும். நாக் சென்சாரின் கூர்மையைத் திரும்பக் கொண்டுவந்து, ஒவ்வொரு சுற்று வேகத்திலும் சூப்பர்சார்ஜரின் இயல்பான சத்தம் எவ்வளவு என்று தனித்தனியாகப் பதிவு செய்தோம். இதற்கு மட்டும் ஒன்றரை நாள் ஆனது. டியூன் செய்தவரே வந்து உட்கார்ந்து செய்துகொடுத்தார், அந்த நேர்மைக்கு நன்றி. புல்லி பழையதுதான், பூஸ்ட் அதே 0.5 பார்.

கணிப்பு சரிதானா என்று சோதிக்காமல் ஆய்வை மூட எனக்கு மனமில்லை. டைனோவில் டைமிங்கை வெகுவாகக் குறைத்து வைத்துக்கொண்டு, இன்டர்கூலர் பம்பின் வயரைக் கழற்றிவிட்டு ஓட்டினோம். பம்ப் ஓடும்போது உச்சம் 58 டிகிரி. வயரைக் கழற்றிய பிறகு முதல் ஓட்டத்தில் 79, இரண்டாவதில் 93, மூன்றாவதில் 104. அங்கே நிறுத்திவிட்டோம். அந்த மூன்று ஓட்டத்திலும் ஃபில்டர் பக்கத்துப் பழைய சென்சார் 34 டிகிரியிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு 9,000 கிலோமீட்டர் ஓடி, அதில் நான்கு நாள் தடத்தில் ஓடி, போன மாதம் சர்வீஸுக்கு வந்தது. ஆறு சிலிண்டரிலும் லீக்-டவுன் 5-லிருந்து 7 சதவீதம். பிளக்கில் புள்ளி இல்லை. டிப்ஸ்டிக் இருந்த இடத்தில் இருந்தது. வண்டிக்காரர் இன்டர்கூலர் தண்ணீர் டப்பாவின் மூடியைக் கண்ணாடி மூடியாக மாற்றியிருந்தார். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் தண்ணீர் சுழல்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் பானட்டை மூடுகிறாராம்.